கொளஞ்சி மேடம் என்னிடம் கேட்காதது

செய்தி வந்தபோது நான் அரியலூர் கருவூலத்தில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை நேரில் போய், இன்னும் உயிரோடுதான் இருக்கிறோம் என்று காட்டிவிட்டு வர வேண்டும். எனக்கு முன்னால் ஒருவர்தான் பாக்கி. கைபேசியில் கலியபெருமாள் அழைத்தார். மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவர். என்னிடம் பத்தாம் வகுப்புப் படித்தவர்.

"சார், கொளஞ்சி மேடம் காலைல அஞ்சு மணிக்கு இறந்துட்டாங்க. திருச்சி ஆஸ்பத்திரிலேருந்து இப்பத்தான் வண்டி கெளம்புதாம். மத்தியானம் ஊருக்கு வந்துடும். நான் வந்து உங்கள கூட்டிக்கவா?"

பதில் சொல்வதற்குள் என் முறை வந்துவிட்டது. எழுத்தர் என் முகத்தையும் புகைப்படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "சரியா இருக்கு சார், நல்லாத்தான் இருக்கீங்க. அடுத்த வருஷம் வாங்க" என்றார். கொளஞ்சி மேடம் என்னைவிடப் பதினான்கு வயது இளையவர்.

அவருடன் பள்ளியில் வேலை பார்த்தவர்களும், பெரம்பலூர் கல்லூரியில் அவரிடம் படித்தவர்களும், அவருடைய ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுத்த ஊர்க்காரர்களும் இதைப் படிப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். அவருடைய தடுப்பூசி ஏன் வராமல் போனது என்பதைப் பற்றி உங்களில் பலர் ஒன்றைத் தவறாக அறிந்து வைத்திருக்கிறீர்கள். அடக்கத்தன்றே அதை என் காதால் கேட்டேன். அதைத் திருத்த வேண்டியவன் நான். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும். பொறுத்துக்கொள்ளுங்கள், பாடம் நடத்தியே பழகியவன்.

அவர் எங்கள் அரசு மேல்நிலைப் பள்ளிக்குத் தாவரவியல் ஆசிரியையாக வந்து மூன்று ஆண்டுகள் இருந்தார். நான் விலங்கியல். ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிக் கொல்லைகளில் கூலிக்குப் போன குடும்பம். விருத்தாசலம் பக்கத்துச் சாமியின் பெயரை அவருக்கு வைத்திருந்தார்கள். ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்து வேலையை விடுகிறார் என்று தெரிந்ததும் எங்கள் கணக்கு ஆசிரியர் கிண்டல் செய்தார்: "ஏன் டீச்சர், கொளஞ்சின்னு பேர வச்சுக்கிட்டு வெளிநாட்டுக் கூட்டத்துக்கெல்லாம் போவீங்களா? வெள்ளக்காரன் எப்படிக் கூப்புடுவான்?" அவர் விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "நாக்கு சுளுக்கிக்கிட்டா அது அவன் பாடு சார். எனக்கென்ன?" என்றார்.

அவர் ஏன் போனார் என்பது எனக்குத் தெரியும். ஐப்பசி மழை கழிந்த பிறகு எங்கள் வகுப்புகளில் பெஞ்சுகள் காலியாகும். சுற்றுவட்டாரத்து ஊர்களிலிருந்து வருகிற பிள்ளைகளுக்குக் காய்ச்சல். பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பெண்ணுக்கு டைபாய்டு வந்தது. தேறி வந்தாள். இரண்டு மாதம் கழித்து மறுபடியும் படுத்துவிட்டாள். இந்த முறை பாரா டைபாய்டு என்றார்கள். பொதுத்தேர்வு எழுதவில்லை. அடுத்த ஆவணியில் கல்யாணம் செய்து கொடுத்துவிட்டார்கள். மேடம் என்னிடம், "ரெண்டும் அண்ணன் தம்பி சார். அண்ணனுக்குக் கதவச் சாத்தினா தம்பி கொல்லப்பக்கமா வந்துடறான். தனித்தனியா எத்தன ஊசி போடுவாங்க? எல்லாத்துக்கும் சேத்து ஒண்ணு வேணும்" என்றார். அப்போது அவருக்கு இருபத்தாறு வயது.

பல ஆண்டுகள் கழித்து, வெளியூர் ஆய்வகங்களில் எல்லாம் இருந்துவிட்டு, பெரம்பலூரில் ஒரு தனியார் கல்லூரிக்குப் பேராசிரியையாகத் திரும்பி வந்தார். நான் ஓய்வு பெற்றிருந்தேன். என்னைத் தேடி வந்து, "சார், நான் செய்யறத ஊர்க்காரங்களுக்குப் புரியற மாதிரி எழுதித் தரணும். உங்களுக்குத்தான் உதாரணம் சொல்ல வரும்" என்றார். அந்த ஒரு வரிதான் என்னை அவருடைய வேலைக்குள் இழுத்தது. இன்று நினைத்தால், அவர் வேறு யாரையாவது தேடிப் போயிருக்கலாம் என்று தோன்றுகிறது.

ஆய்வகத்தைச் சுற்றிக் காட்டினார். சில வகைக் கிருமிகள் வளரும்போது தம் மேல்தோலிலிருந்து மிக மிகச் சிறிய குமிழ்களை உதிர்த்துக்கொண்டே இருக்கும். அந்தக் குமிழின் மேல் கிருமியின் அடையாளங்கள் அப்படியே இருக்கும். உள்ளே உயிர் கிடையாது. அதனால் அது பெருகாது, நோய் தராது. நம் உடம்பு அதைப் பார்த்துவிட்டால், உண்மையான கிருமி வரும்போது அடையாளம் கண்டு விரட்டிவிடும். மேடம் செய்தது என்னவென்றால், டைபாய்டுக் கிருமியின் நோய் தரும் திறனை வெட்டி எடுத்தார். அதன் தோலில் உள்ள நஞ்சைக் குறைத்தார். குமிழ்களை ஏராளமாக உதிர்க்கும்படி மாற்றினார். பிறகு பாரா டைபாய்டின் அடையாளத்தையும், ரத்தபேதிக் கிருமியின் அடையாளத்தையும் அதே தோலில் தோன்றும்படி சேர்த்தார். ஒரு குமிழில் மூன்று நோயின் முகம். மூன்றையும் தனித்தனியே வளர்த்துப் பிரித்துச் சேர்க்கிற பெரிய தொழிற்சாலை தேவையில்லை. ஒரே கலனில் வளர்த்து, கிருமிகளை வடிகட்டி நீக்கிவிட்டால், மிஞ்சுகிற நீரில் தடுப்பூசி இருக்கிறது.

"ஒரு டீயும் வடையும் சாப்புடற காசுல மூணு நோய்க்கும் முடியணும் சார். அதுக்கு மேல போச்சுன்னா நான் வேற யாருக்கோ செஞ்சிருக்கேன்னு அர்த்தம்" என்பார். இதை அவரிடம் படித்த பிள்ளைகள் எத்தனை முறை கேட்டிருப்பீர்கள்!

எனக்கு உடனே ஓர் உதாரணம் கிடைத்துவிட்டது. "மேடம், இது பாம்புச் சட்டை. முந்திரிக் கொல்லையில கிடக்கிற சட்டையப் பார்த்தாலே பாம்பு எப்படி இருக்கும்னு பிள்ளைங்களுக்குத் தெரிஞ்சுடுது. கடி வாங்கத் தேவையில்ல. நீங்க நல்ல பாம்பு சட்டையில விரியனோட கட்டத்தையும் வரைஞ்சு வைக்கிறீங்க." அவர் கைதட்டிச் சிரித்தார். "பிரமாதம் சார். ஆனா சட்டையில ஒரு பல்லு ஒட்டியிருந்தாலும் என் கதி அதோகதிதான்" என்றார்.

அந்த உதாரணத்தை எடுத்துக்கொண்டு வாலிகண்டபுரத்தை அடுத்த ஒரு கிராமத்துக்குப் போனோம். டைபாய்டு வந்து தேறிய பெரியவர்களிடம் சிறிது ரத்தம் வாங்க வேண்டும். அவர்கள் உடம்பு எந்த அடையாளத்தை நினைவில் வைத்திருக்கிறது என்று பார்க்க. சத்துணவுக் கூடத்தில் முப்பது பேர் இருப்பார்கள். நான் எழுந்து பாம்புச் சட்டையைப் பற்றி விரிவாகப் பேசினேன். முடித்ததும் ஒரு பெண் எழுந்தார். மக்காச்சோளக் கொல்லையிலிருந்து நேராக வந்தவர், முந்தானையில் இன்னும் தூசி இருந்தது.

"ஏங்க வாத்தியாரே, பாம்புச் சட்டைய அரைச்சு ஊசியில ஏத்தப் போறீங்களா?"

"இல்லம்மா, அது ஒரு உதாரணம்..."

"உதாரணமா இருந்தா நீங்க ஏத்திக்குங்க. எம் புள்ளைக்கு வாணாம்."

"ரத்தம் குடுத்தா சட்டைய உரிச்சிடுவாரு வாத்தியாரு!" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, கூடமே சிரித்தது. இரண்டு பேர் எழுந்து வெளியே போகத் தொடங்கினார்கள். மேடம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "அக்கா, செத்த இருங்க. இன்னைக்கு யாருக்கும் ஊசி போட வரல. ரத்தம் மட்டும் எடுக்கிறோம். ஊசி வர பத்து வருஷம் ஆவும். வராமலும் போவலாம். வந்தாத்தான் உங்களுக்கு லாபம். வரலேன்னா இன்னைக்கு எடுத்த ரத்தம் வீண். அதையும் சொல்லிட்டேன். இஷ்டம் இருந்தா கைய நீட்டுங்க."

அந்தப் பெண் முந்தானைத் தூசியைத் தட்டினார். "வராமலும் போவும்னு சொல்ற டாக்டரம்மாவ இப்பத்தான் பாக்குறேன்" என்றபடி ரவிக்கைக் கையை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அன்று இருபத்திரண்டு பேர் கொடுத்தார்கள்.

பெரம்பலூருக்குத் திரும்பும் பஸ்ஸில் மேடம் என்னிடம் சொன்னதை இப்போது எழுதித்தான் ஆக வேண்டும். "உங்க உதாரணத்துல தப்பே இல்ல சார். ஆனா எந்த உதாரணமும் பாதி வழிக்குத்தான் கூட வரும். எந்த ஸ்டாப்புல எறக்கி விடணும்னு நமக்குத் தெரியணும்." எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். முப்பத்து நான்கு ஆண்டு உதாரணம் சொல்லியே சோறு சாப்பிட்டவனாயிற்றே. "பார்த்துக்கறேன் மேடம்" என்றேன்.

எலிகளிடம் முதல் சோதனை முடிந்த நாளில் தொலைபேசியில் சொல்லாமல் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கே வந்தார். செருப்பைக் கழற்றும்போதே, "எலி உடம்பு மூணையும் கண்டுபுடிச்சிடுச்சு சார். மூணையும்!" என்றார். என் மனைவி காப்பியோடு வந்து, "எலிக்கு நல்லாப் போனா நமக்கு என்னம்மா?" என்று கேட்டாள். "அங்கேருந்துதான் அக்கா வரணும். எலி, முயல், அப்பறம் பெரியவங்க, அப்பறம்தான் புள்ளைங்க" என்று விரல் விட்டுச் சொன்னார். அன்று எங்கள் வீட்டில் ஏழு இடியாப்பம் சாப்பிட்டார். அவரை அவ்வளவு மகிழ்ச்சியாக நான் பார்த்தது அந்த ஒரு மாலைதான்.

அதற்குப் பிறகு கதவுகள். ஊசி தயாரிக்கிற இடங்களுக்கு எழுதினார், நேரில் போனார். எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஒருவர், "அருமையான வேலை மேடம், ஆனா இதை வாங்கறவங்ககிட்ட விலை சொல்ல முடியாதே" என்றாராம். திரும்பி வந்து அதைச் சொல்லிவிட்டு, "விலை சொல்ல முடியாதவங்களுக்குத்தானே செஞ்சேன்" என்றார். ஆராய்ச்சிக்குப் பணம் தந்த திட்டத்தின் காலம் முடிந்தது. கல்லூரி நிர்வாகம் ஆய்வகத்தின் பாதியை வேறு துறைக்குக் கொடுத்தது. அவருடைய உறைபெட்டி வராந்தாவுக்கு வந்தது. மாற்றியமைத்த அந்தக் கிருமி முழுவதும் அந்தப் பெட்டிக்குள் சின்னச் சின்னக் குப்பிகளில் உறைந்திருந்தது. அது விதை. அது இருந்தால் எத்தனை ஆண்டு கழித்தும், எந்த ஊரிலும், எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் தடுப்பூசி செய்துகொள்ளலாம்.

"ஒரே எடத்துல வச்சிருக்கக் கூடாது சார். பயமா இருக்கு" என்றார். அப்போது நான்தான் கலியபெருமாளைச் சொன்னேன். சினை ஊசி போடுகிறவர்களிடம் நைட்ரஜன் கேன் இருக்கும். காளையின் விந்தை மெல்லிய குச்சிகளில் அடைத்து, கடுங்குளிரான திரவ நைட்ரஜனில் தொங்கவிட்டு வைத்திருப்பார்கள். வராந்தாப் பெட்டியைவிட நம்பகமான குளிர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வண்டி வந்து நைட்ரஜன் ஊற்றிவிட்டுப் போகும். மேடம் கல்லூரிக் குழுவில் கேட்டு எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டார். நான்கு குப்பிகளை எடுத்துக்கொண்டு அரியலூருக்கு வெளியே இருக்கும் கலியபெருமாள் வீட்டுக்குப் போனோம்.

கலியபெருமாள் கேனைத் திறந்ததும் வெள்ளைப் புகை எழுந்தது. "ஏன் சார், காளையும் கிருமியும் ஒரே கேன்ல குடித்தனம் வச்சா, பொறக்கிற கன்னுக்குட்டி காய்ச்சலோட பொறக்குமா?" என்று கேட்டார். மேடத்துக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கலியபெருமாள், இத எப்படி வச்சுக்கணும்னா..." என்று ஆரம்பித்தார்.

நான் கையமர்த்தினேன். "இருங்க மேடம், இவனுக்கு எப்படிச் சொன்னா ஏறும்னு எனக்குத் தெரியும்." கலியபெருமாளைப் பார்த்து, "கோமாரி முகாம்ல தடுப்பூசியக் கண்ணுல வச்சுப் பாத்துக்குவல்ல? இதுவும் அதே மாதிரிதான். இது மனுஷங்களுக்கான தடுப்பூசி. பத்திரம்" என்றேன். "புரிஞ்சுது சார். என் உசுரு மாதிரி" என்றார். மேடம் ஏதோ சொல்ல மறுபடியும் வாயெடுத்தார். மூத்தவன் பேசி முடித்துவிட்டானே என்று விட்டுவிட்டார். அவர் யாரையும் குறுக்கே மறிக்க மாட்டார், உங்களுக்குத் தெரியும்.

அந்தக் கோடை விடுமுறையில் கல்லூரி வராந்தாவில் உறைபெட்டியின் கம்ப்ரசர் நின்றுபோனது. திறந்து பார்க்கும்போது உள்ளே எல்லாம் கரைந்து, கெட்டு, நாறிக்கொண்டிருந்தது. அதே மாதம்தான் மேடத்தின் வயிற்றில் இருந்த கட்டி புற்றுநோய் என்று திருச்சியில் சொன்னார்கள். இரண்டு செய்தியையும் ஒரே மூச்சில் என்னிடம் சொல்லிவிட்டு, "கலியபெருமாள்கிட்ட நாலு இருக்கு சார். அது போதும்" என்றார். சென்னையில் ஆய்வு நிலையம் ஒன்றில் இருந்த பழைய தோழி, விதையை வாங்கி வைத்துக்கொண்டு வேலையைத் தொடர ஒப்புக்கொண்டிருந்தார். முதல் சுற்றுச் சிகிச்சை முடிந்ததும் தானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பது மேடத்தின் விருப்பம். அவருக்கு அப்போது வேறு விருப்பம் எதுவும் இல்லை.

இடையில் மாடுகளுக்குத் தோலில் கட்டி கட்டியாக ஒரு நோய் வந்தது. ஊரெல்லாம் சினை ஊசியை நிறுத்திவிட்டார்கள். சினை ஊசி இல்லையென்றால் நைட்ரஜன் வண்டிக்கும் வேலையில்லை. அது வருவதை நிறுத்தியது. கலியபெருமாள் அளவுக்குச்சியை விட்டுப் பார்த்திருக்கிறார். நைட்ரஜன் நாலு விரல் அளவுக்கு இறங்கியிருந்தது. தன் விந்துக் குச்சிகளை ஜெயங்கொண்டத்தில் இன்னும் நைட்ரஜன் மிச்சமிருந்த இன்னொருவரின் கேனுக்கு மாற்றினார். மேடத்தின் குப்பிகளை அங்கே வேறொருவர் கையில் விட அவருக்கு மனம் வரவில்லை. தடுப்பூசியை எப்படி வைப்பது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். முகாம் முகாமாக அலைந்து பழகியவர். ஐஸ் கட்டி போட்ட டப்பாவில் எடுத்து வந்து, வீட்டு ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில், துணியில் சுற்றி வைத்தார். ஐஸ் உறையும் மேல் பெட்டியில் வைக்கவில்லை. கேனை விட்டு வெளியே எடுத்தால் இதுவும் மற்ற ஊசி மாதிரிதான் என்று நினைத்துவிட்டார். தடுப்பூசி உறைந்துவிட்டால் கெட்டுவிடும் என்று சொல்லிச் சொல்லிப் பழக்கியிருக்கிறார்கள். நடுவில் காற்று மழையில் மூன்று நாள் கரண்ட் இல்லை. அப்போதும் ஐஸ் தேடி டவுனுக்கு இரண்டு முறை போய் வந்திருக்கிறார். ஐஸ் வந்து சேர்வதற்குள் குப்பிகள் பகலெல்லாம் வீட்டுப் புழுக்கத்தில் இருந்திருக்கின்றன. மேடம் சிகிச்சையில் இருக்கிறார், அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று யாரிடமும் சொல்லவில்லை.

குப்பிகள் ஃப்ரிட்ஜுக்குப் போய் ஆறு வாரம் கழித்து நாங்கள் போனபோது, மாடத்திலிருந்து விளக்கை எடுப்பதுபோல இரண்டு கையாலும் அந்தத் துணி மூட்டையை எடுத்து வந்து கொடுத்தார். மேடம் ஒரு குப்பியை எடுத்துச் சாய்த்தார். உள்ளே நீர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓடியது. மறுபடியும் சாய்த்தார். முடியெல்லாம் கொட்டி, தலையில் துண்டு கட்டியிருந்தார். முகத்தில் எலும்புதான் தெரிந்தது. அந்த முகம் மாறவே இல்லை.

"ரொம்பப் பத்திரமா வச்சிருந்தீங்க கலியபெருமாள்" என்றார்.

"தடுப்பூசின்னு சார் சொன்னாருல்ல மேடம்."

"ஆமா" என்றார். கலியபெருமாளின் மனைவி கொடுத்த டீயை முழுவதும் குடித்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு ஒன்றரை மாதம். உட்கார முடியாத உடம்போடு ஆய்வகத்தில் மிச்சமிருந்த பாதியில் உட்கார்ந்து, அந்த நாலு குப்பியிலிருந்தும் கிருமிகளைத் தட்டுத் தட்டாக வளர்த்துத் தேடினார். கிருமிகள் சாகவில்லை. அதுதான் கொடுமை. கரைந்து, சூடேறி, குளிர்ந்து, மெல்ல மெல்லப் பெருகியிருந்தன. பெருகும்போது, மேடம் சேர்த்த இரண்டு அடையாளங்களையும் தேவையற்ற சுமையாகக் கழற்றிப் போட்டுவிட்டன. ஒன்றாவது வைத்திருக்கிறதா என்று தட்டில் முளைத்த ஆயிரக்கணக்கான கிருமிப் புள்ளிகளைக் குச்சியால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நான் தட்டுகளில் எண் எழுதிக் கொடுத்தேன். கடைசித் தட்டைப் பார்த்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார்.

"உசுரோடதான் இருக்கு சார். நான் குடுத்தது எதுவும் இல்ல. அந்த ரெண்டு அடையாளத்தையும் கிருமியோட சேத்துத் தச்சு வச்சிருக்கணும். நேரம் இல்லேன்னு பின்னு குத்தி வச்சேன். விழுந்துடுச்சு."

அன்று கலியபெருமாள் விவரம் கேட்டு அங்கே வந்திருந்தார். மேடம் எதையும் மறைக்காமல் சொன்னார்: அது தடுப்பூசி இல்லை, தடுப்பூசியைச் செய்கிற விதை, உறைந்தே இருந்திருக்க வேண்டும். "எப்படி வைக்கணும்னு நான் சொல்லிக் குடுத்திருக்கணும். என் தப்பு." கலியபெருமாள் சுவரில் சாய்ந்து நின்றார். "இல்ல மேடம், நான் ஒரு போன் பண்ணியிருக்கணும். நாந்தான் கெடுத்துட்டேன்" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். அந்த அறையில் மூன்று பேர் இருந்தோம். இரண்டு பேர் தவறு தன்னுடையது என்றார்கள். நான் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

குறிப்பேடுகள் இருக்கின்றன. அவற்றை வைத்து மறுபடியும் செய்யலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். "செய்யலாம் சார். ஆள் வேணும், எடம் வேணும், அஞ்சாறு வருஷம் வேணும். என்கிட்ட அஞ்சாறு மாசம் இருக்கு" என்றார். சென்னைத் தோழி குறிப்பேடுகளின் நகலை வாங்கிக்கொண்டார். பிறகு அவரை வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். அந்த நகல் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

மருத்துவமனையில் கடைசியாகப் பார்த்தபோது, ஆறுதலாக இருக்குமே என்று, "எங்கேயாவது யாராவது இதைச் செஞ்சு முடிப்பாங்க மேடம்" என்றேன். அவர் கண்ணை மூடியபடியே, "செய்வாங்க சார். நல்ல விலைக்குச் செய்வாங்க" என்றார். பிறகு, "மழை எறங்கிடுச்சா?" என்று கேட்டார். இறங்கிவிட்டது என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

அடக்கத்தன்று கலியபெருமாள் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு, வருகிறவர்களிடமெல்லாம், "நாந்தாங்க கெடுத்தேன், அவங்க உசுரையே கெடுத்தேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். உங்களில் சிலர், "மாட்டு ஊசி போடறவன்கிட்ட போயி இதக் குடுத்து வச்சாங்களே" என்று பேசிக்கொண்டதையும் கேட்டேன். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. மாலையைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் கலியபெருமாள் வீட்டுக்குப் போனேன். அவர் தொழுவத்தில் ஒரு பசுவின் வாலை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். மேடம் அன்று இது விதை, உறைந்தே இருக்க வேண்டும் என்றுதான் சொல்ல வந்தார். நான்தான் மறித்துத் தடுப்பூசி என்று சொன்னேன். நீ அதற்கு ஏற்றபடி எல்லாவற்றையும் சரியாகச் செய்தாய். தவறு முழுவதும் என்னுடையது.

அவர் வாலை விட்டுவிட்டு வாளியில் கை கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார்.

"உங்க வார்த்தையாலதான் கெட்டுதுன்னு மேடத்துக்குத் தெரியுமா சார்?"

"பக்கத்துல தான நின்னாங்க. தெரியும்."

"ஏன் இப்படிச் செஞ்சீங்கன்னு உங்கள ஒரு வார்த்த கேக்கலியா?"

"கேக்கல."

"அதுக்கப்பறமும் உங்க வூட்டுக்கு வந்தாங்களா?"

"முடியற வரைக்கும் வந்தாங்க. சார்னுதான் கூப்புட்டாங்க."

"அன்னைக்கே எனக்குச் சொல்லியிருக்கலாம் சார் நீங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. பசுவின் பக்கம் திரும்பிவிட்டார். உட்காரச் சொல்லவில்லை. அவர் மனைவி வாசல் வரை வந்து என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

அதனால் இங்கே எழுதுகிறேன்: விதையைக் கெடுத்தவர் கலியபெருமாள் இல்லை. அவரைத் தெருவில் பார்த்தால் அவரிடம் இதைச் சொல்லுங்கள். நான் சொன்னது அவருக்குப் போதவில்லை.

இந்த ஆண்டும் மழை பெய்திருக்கிறது. பள்ளிப் பக்கம் போனால் எந்த வகுப்பில் எத்தனை பேர் வரவில்லை என்று பழக்கத்தில் கேட்டுவிடுகிறேன். மேடத்திடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது, எல்லாம் தெரிந்தும் அவர் என்னிடம் கேட்காமல் விட்ட அந்த ஒரு கேள்வி. ஒன்றரை மாதம் எதிரெதிரே உட்கார்ந்து தட்டு பார்த்தோம். ஒவ்வொரு நாளும் இன்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.